பிள்ளைக்குச் செரிக்காத சர்க்கரை தாய்ப்பாலில் எதற்கு?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "பிள்ளை பிறந்து இருபத்தோரு நாள் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். பால் தண்ணீர் மாதிரி இருக்கிறது, சத்தே இல்லை என்று வீட்டில் மாமியார் சொல்கிறார். போன வாரம் டாக்டரிடம் போனபோது, தாய்ப்பாலில் பிள்ளைக்கே செரிக்காத ஒரு சர்க்கரை இருக்கிறது, அது ரொம்ப முக்கியம் என்றார். செரிக்காத சர்க்கரையால் பிள்ளைக்கு என்ன பிரயோஜனம்? அந்தச் சர்க்கரை சேர்த்த டப்பா பால் வந்திருக்கிறதாமே, வாங்கலாமா? என்ன சாப்பிட்டால் எனக்கு அது கூடும்?"

தங்கச்சி, நோன்பு மாதத்தில் கீழக்கரைப் பக்கம் வீட்டுக்கு வீடு கடல்பாசி காய்ச்சுவார்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சித் தாம்பாளத்தில் ஊற்றி வைத்தால், ஆறினதும் உறைந்து நிற்கும். கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டி எடுப்பார்கள். இனிப்பு நாம் போட்ட சீனியால் வருகிறது. ஆனால் உறைந்து நிற்கிறதே, அந்த அகர், அதுவும் சர்க்கரைதான். காலக்டோஸ் வகைச் சர்க்கரைகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கின்றன. சங்கிலியாகிவிட்டதால் நாக்குக்கு இனிப்பும் தெரியாது, நம் குடலுக்கு அதை வெட்டவும் தெரியாது. வந்த வழியே போய்விடும்.

என் அப்பத்தா பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுத்தவர். விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, கடலடிப் பாரில், அதாவது பாறையில், ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து இடுப்புப் பையில் போடுவார். அந்த மரிக்கொழுந்திலிருந்து எடுப்பதுதான் நல்ல அகர். பின்னாளில் நான் இருபத்தாறு வருஷம் உயிர்வேதியியல் பாடம் எடுத்தேன். கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் அகரை ஊற்றும் ஒவ்வொரு முறையும் அந்தத் துணி சுற்றிய விரல்கள் ஞாபகம் வரும். தாய்ப்பாலின் செரிக்காத சர்க்கரை எதற்கு என்று கண்டுபிடித்த கதையும் இப்படிக் கிருமி வளர்த்தவர்களிடமிருந்துதான் வருகிறது.

முதலில் அந்தச் சர்க்கரை என்ன என்று பார்ப்போம். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் ஏறக்குறைய 70 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. குளுக்கோஸ் ஒன்று, காலக்டோஸ் ஒன்று, இரண்டும் கைகோத்தால் லாக்டோஸ். இது பிள்ளைக்குச் செரிக்கும், பலம் கொடுக்கும். அடுத்தது கொழுப்பு, 40 கிராம் அளவில். மூன்றாவது இடத்தில் புரதம் இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பது டாக்டர் சொன்ன சர்க்கரைதான். மனிதப்பால் ஒலிகோசாக்கரைடு என்று பெயர். 'ஒலிகோ' என்றால் கிரேக்க மொழியில் 'சில'. சில சர்க்கரை மணிகள் கோத்த சின்னச் சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதிர்ந்த பாலில் லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை இருக்கும். சீம்பாலில் 20 கிராமுக்கும் மேல்.

ஒரு மாதப் பிள்ளை நாளைக்கு முக்கால் லிட்டர் பால் குடிக்கிறது என்றால், இரண்டு தேக்கரண்டிச் சீனி அளவுக்கு இந்தச் சர்க்கரை உள்ளே போகிறது. உங்கள் உடம்பு தினமும் அவ்வளவையும் உங்கள் பலத்தைச் செலவழித்துச் செய்கிறது. செய்து கொடுத்தும், வயிற்றுப் புளிப்பில் அது கரையவில்லை, கணைய நீரில் வெட்டுப்படவில்லை. நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பிள்ளையின் ரத்தத்தில் சேர்கிறது. மிச்சமெல்லாம் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. பசும்பாலில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கன்றுக்குட்டிக்கு அந்த அளவு தேவைப்படவில்லை.

மணிகள் மொத்தம் ஐந்தே ஐந்து. குளுக்கோஸ், காலக்டோஸ், ஃபியூக்கோஸ், என்-அசிட்டைல் குளுக்கோசமின், சியாலிக் அமிலம். எல்லாச் சங்கிலிக்கும் அடியில் ஒரு லாக்டோஸ் இருக்கும். அதன் மேல் எந்த மணி, எந்தப் பக்கம், எத்தனை, கிளை உண்டா இல்லையா என்று மாற்றி மாற்றிக் கோத்ததில் 150க்கு மேற்பட்ட வடிவங்களை இதுவரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். வேறு எந்தப் பாலூட்டியின் பாலிலும் இவ்வளவு அளவும் இவ்வளவு வகையும் சேர்ந்து பார்த்ததில்லை.

ஃபியூக்கோஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 'ஃபியூக்கஸ்' என்ற பழுப்புக் கடல்பாசியின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. நம் கரையில் ஒதுங்கும் கட்டக்கோரையும் பழுப்புப் பாசிதான். அதைக் கையில் எடுத்துப் பிசைந்தால் வழவழப்பாக ஒட்டும். அந்த வழவழப்பில் ஃபியூக்கோஸ் சங்கிலி இருக்கிறது. அதே மணி உங்கள் பாலிலும் இருக்கிறது. பெரும்பாலான தாய்மாரின் பாலில் இந்த ஒலிகோசாக்கரைடுகளில் அதிகம் இருப்பதே லாக்டோஸின் மேல் ஒரு ஃபியூக்கோஸ் ஏறிய சங்கிலிதான். 2'-ஃபியூக்கோசைல்லாக்டோஸ் என்று பெயர். டப்பாவில் '2'-எஃப்எல்' என்று போட்டிருப்பது இதைத்தான்.

சரி, செரிக்காததை எதற்குக் கொடுக்க வேண்டும்?

பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் இருந்த ஆன்றி திசியே என்பவர் 1900 வாக்கில் தாய்ப்பால் குடித்த குழந்தைகளின் மலத்தைப் பரிசோதித்தார். அதில் இரண்டாகக் கவடு பிரிந்த ஒரு கிருமி நிறைய இருந்தது. பைஃபிடோபாக்டீரியம் என்று இப்போது சொல்வது அதைத்தான். புட்டிப்பால் குடித்த பிள்ளைகளிடம் அது இவ்வளவு இல்லை. அந்தக் கிருமியை வளர்க்கும் பொருள் பாலில் எது என்று தேடி, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பால் கியோர்கியும், ஜெர்மனியில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் கூனும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். தாய்ப்பால் சேர்த்தால் நன்றாக வளரும், பசும்பால் சேர்த்தால் தடுமாறும் ஒரு பைஃபிடோ வகையை வைத்துப் பாலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். 1954ல் விடை வெளிவந்தது. கிருமியை வளர்த்தது இந்தச் சர்க்கரைச் சங்கிலிகள்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான் தங்கச்சி. அந்தச் சர்க்கரை பிள்ளைக்குச் சோறு இல்லை. பிள்ளையின் குடலில் குடியேறும் நல்ல கிருமிகளுக்குச் சோறு. நீங்கள் ஒரு வாய்க்குப் பால் கொடுக்கவில்லை, உள்ளே இருக்கும் ஒரு ஊருக்கே கொடுக்கிறீர்கள்.

பைஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் என்று ஒரு வகை உண்டு. அதன் மரபணுத் தொகுதியை 2008ல் முழுதாகப் படித்தபோது, இந்தச் சங்கிலிகளைப் பிடிக்க, உள்ளே இழுக்க, வெட்ட என்று தேவையான மரபணுக்கள் ஒரே இடத்தில் கொத்தாக இருந்தன. மற்ற சில கிருமிகள் சங்கிலியை வெளியில் வைத்தே வெட்டும். சிந்துகிறதை அக்கம்பக்கத்துக் கிருமியும் தின்னும். இன்ஃபான்டிஸ் முழுச் சங்கிலியையும் தன் உடம்புக்குள் இழுத்துக்கொண்ட பிறகுதான் வெட்டும். ஒரு பருக்கை வெளியே சிந்தாது. தின்றுவிட்டு அசிட்டிக் அமிலம், லாக்டிக் அமிலம் விடும். குடல் புளிப்பாகும். வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் பல கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு ஆகாது. பிள்ளையின் துணியை மாற்றும்போது பாருங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளையின் மலம் கடுகு நிறத்தில் இளக்கமாக, இடையிடையே சின்னச் சின்னத் துணுக்குகளோடு இருக்கும். நாற்றம் குடலைப் புரட்டாது, லேசான மோர்ப் புளிப்பு வாடைதான் அடிக்கும். பேதி என்று பயந்து உரை மருந்து கொடுக்க ஓடுகிறார்களே, அந்த வாடையில் பெரும்பங்கு இந்தக் கிருமிகளின் வேலை.

இரண்டாவது வேலை, பகைக் கிருமியை ஏமாற்றுவது. இதை நம் ஆட்களுக்குச் சொல்வது சுலபம். நங்கூரம் பாரில் பிடித்தால் வள்ளம் நிற்கும். மிதக்கிற பாசிக் கொத்தில் மாட்டினால் நிற்காது, நீரோட்டம் எங்கே இழுக்கிறதோ அங்கே போய்விடும். பல நோய்க்கிருமிகள் குடல் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலியைப் பிடித்துத்தான் நங்கூரம் போடுகின்றன. பாலில் மிதந்து வரும் சங்கிலிக்கும் அதே முகம். கிருமி இதைப் பிடித்துக்கொள்கிறது, பிடித்தபடியே மலத்தோடு வெளியே போகிறது. காம்பிலோபாக்டர் என்ற பேதிக் கிருமியிடம் இதை ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். மெக்சிகோ நகரில் தாய்மாரையும் பிள்ளைகளையும் பின்தொடர்ந்து பார்த்து 2004ல் வெளியிட்ட ஆய்வில், 2'-ஃபியூக்கோசைல்லாக்டோஸ் பங்கு கூடுதலாக இருந்த பாலைக் குடித்த பிள்ளைகளுக்குக் காம்பிலோபாக்டர் பேதி குறைவாக வந்தது.

குறைமாதப் பிள்ளைகளுக்கு வரும் குடல் அழுகல் நோயிலும் ஒரு துப்பு கிடைத்திருக்கிறது. சியாலிக் அமிலம் இரண்டு ஏறிய ஒரு குறிப்பிட்ட சங்கிலி எலிக்குட்டிகளை அந்த நோயிலிருந்து காத்தது. அந்தச் சங்கிலி குறைவாக இருந்த பாலைக் குடித்த குறைமாதப் பிள்ளைகளிடம் நோய் அதிகம் தென்பட்டது. மூளை வளர்ச்சிக்குச் சியாலிக் அமிலம் உதவும் என்கிறார்கள். மூளையில் அது நிறைய இருப்பது உண்மை, ஆனால் ஆதாரம் பெரும்பாலும் விலங்குகளிடமிருந்துதான் வந்திருக்கிறது. அதை வைத்துப் பிள்ளை புத்திசாலியாகும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

எல்லாம் ஒரே திசையில் போகிற விஷயமும் இல்லை இது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பிறந்த குழந்தைகளிடம் ரோட்டா வைரஸைப் பற்றிப் பார்த்தார்கள். 2018ல் வெளிவந்த முடிவு எனக்கே ஆச்சரியம். பச்சிளம் பிள்ளைகளைத் தொற்றும் அந்த ஒரு ரோட்டா வகையிடம் இந்தச் சங்கிலிகள் ஏமாற்று வேலை செய்யவில்லை. தொற்று வந்து வயிற்றுக் கோளாறும் இருந்த பிள்ளைகளின் தாய்ப்பாலில் 2'-ஃபியூக்கோசைல்லாக்டோஸ் உட்பட மூன்று சங்கிலிகள் கூடுதலாகவே இருந்தன. இதனால் பால் ஆகாது என்று அர்த்தம் இல்லை. ஒரு சங்கிலி ஒரு கிருமிக்குப் பொறி, இன்னொன்றுக்குப் படி. அதே ஆய்வில், பச்சிளம் பிள்ளையின் ரோட்டா வகையிலிருந்து செய்த தடுப்பு மருந்து வைரஸ் உயிரணுக்களில் நன்றாகத் தொற்றுவதற்குச் சில சங்கிலிகள் உதவியதையும் கண்டார்கள். அந்த மருந்துக்கு அது நல்ல சேதி. ஆறாவது வாரம் ரோட்டா சொட்டு மருந்து போடுவார்கள், அதை விட்டுவிடாதீர்கள். தாய்ப்பால் கொடுக்கிறோமே என்று அதைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது 'தண்ணீர்ப் பால்' விஷயத்துக்கு வருகிறேன். இதில் என் சொந்த வயிற்றெரிச்சலும் இருக்கிறது. 1994ல் எனக்கு முதல் பிரசவம், ஒரு சின்ன நர்சிங் ஹோமில். கனமான மஞ்சள் பால், பிள்ளைக்கு மாந்தம் வரும் என்று சொல்லி முதல் இரண்டு நாள் பாலைப் பீய்ச்சி எடுத்தார்கள். எவர்சில்வர் டம்ளரின் அடியில் அது தேன் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. சாய்த்தாலும் சட்டென்று வழியவில்லை. அதை வாசல் செடியில் கொட்டினார்கள். பிள்ளை நாக்கில் பெரியவர் ஒருவர் சீனித்தண்ணீர் சேனை வைத்தார். பிறகு டப்பா பால் கரைத்துப் பாலாடையில் புகட்டினார்கள். எனக்கு அப்போது வாய் எழவில்லை. பாடம் எடுக்க ஆரம்பித்த பிறகு அந்த டம்ளரில் என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகத் தெரியத் தெரிய, பல வருஷம் மனசு ஆறவில்லை. உங்களுக்குத் தெரிந்த வீட்டில் யாருக்காவது பிரசவ நாள் நெருங்கினால் இதை மட்டும் சொல்லுங்கள். முதல் நாள் பால் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டிதான் வரும். பிள்ளைக்கு அன்றைக்கு அது போதும். ஒரு துளியும் செடிக்குப் போகக் கூடாது. சீனித்தண்ணீரும் வேண்டாம், தேனும் வேண்டாம், கழுதைப்பாலும் வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் ஆபத்து, காய்ச்சாத கழுதைப்பாலில் என்னென்ன கிருமி வருமோ யார் கண்டது.

சீம்பால் மஞ்சள், முதிர்ந்த பால் வெளிறிப்போய் நீலம் பாய்ந்த மாதிரி. இரண்டும் சரிதான். பால் வெள்ளையாகக் கெட்டியாகத் தெரிவது கொழுப்பும் புரதமும் சேர்ந்து காட்டுகிற தோற்றம். குடிக்க ஆரம்பிக்கும்போது கொழுப்பு குறைவு, மார்பு காலியாகக் காலியாகக் கூடும். அதனால் முதலில் வருகிறது தண்ணீராகத் தெரியும். லாக்டோஸும் இந்தச் சங்கிலிகளும் பாலில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. நம் உப்பளத்துத் தண்ணீரைப் பாத்தியில் பார்த்தால் வெறும் தண்ணீர் மாதிரிதானே இருக்கிறது? காய்ந்த பிறகுதானே உப்பு தெரிகிறது? கண்ணால் பார்த்துப் பாலுக்குச் சத்து சொல்ல முடியாது என்று உங்கள் மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவரும் பிள்ளை நல்லா இருக்கணும் என்றுதான் சொல்கிறார்.

என்ன சாப்பிட்டால் கூடும் என்று கேட்டீர்கள். இந்தச் சங்கிலிகளின் வகையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உங்கள் மரபணு. எஃப்யூடி2 என்று ஒரு மரபணு. அது வேலை செய்கிறவர்களின் பாலில் 2'-ஃபியூக்கோசைல்லாக்டோஸ் நிறைய இருக்கும். உலகில் பல இடங்களில் நாலைந்து பேரில் ஒருவருக்கு அது வேலை செய்யாது. அவர்களுடைய எச்சிலில் ஏ, பி ரத்த வகை அடையாளமும் தென்படாது, இரண்டுக்கும் காரணம் இதே மரபணுதான். அந்தத் தாய்மாரின் பிள்ளைகளும் நன்றாகத்தான் வளர்கிறார்கள், அவர்கள் பாலில் வேறு சங்கிலிகள் இருக்கின்றன. இதற்காகப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. பிரசவமாகி எத்தனை நாள் என்பதும் அளவை மாற்றும். சாப்பாட்டால் பெரிய மாற்றம் வருவதில்லை. ஃபியூக்கோஸை உடம்பே செய்துகொள்ளும், அதற்காகக் கட்டக்கோரையைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம், பழுப்புப் பாசியில் அயோடின் அளவுக்கு மீறிப் போகலாம். நாளைக்கே யாராவது பாசி மாத்திரை என்று விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

பால்சுறாப் புட்டும் காரல் மீன் சொதியும் பூண்டும் வைத்துக் கொடுப்பார்கள். சாப்பிடுங்கள், உங்கள் உடம்பு தேறப் புரதம் வேண்டும். ஒன்று மட்டும் கவனம், பெரிய சுறாக்களில் பாதரசம் சேரும். சுறா என்றால் சின்னதாக, எப்போதாவது ஒரு நாள் போதும். காரல், சூடை, நெத்திலி தாராளமாகச் சாப்பிடலாம்.

டப்பா பால் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன், நீங்கள் வாங்க வேண்டியதில்லை. அதில் சேர்ப்பது பெரும்பாலும் ஒன்று, மிஞ்சினால் சில வகை. மரபணு மாற்றிய நுண்ணுயிரைத் தொட்டியில் நொதிக்கவிட்டு எடுக்கிறார்கள். மூலக்கூறு பாலில் இருப்பதேதான், கலப்படம் இல்லை, 2016 வாக்கிலிருந்து வெளிநாடுகளில் விற்பனையில் இருக்கிறது. சோதனைகளில் பிள்ளைகளுக்குத் தீங்கு தெரியவில்லை. ஆனால் உங்களிடம் எத்தனையோ வகை வருகிறது, கூடவே எதிர்ப்புப் புரதங்களும் உயிருள்ள அணுக்களும் வருகின்றன. இருப்பதை விட்டுவிட்டு அதில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவானேன்? இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பால்மாவை விளம்பரப்படுத்துவது நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படியும் 2003ல் செய்த திருத்தப்படியும் குற்றம். யாராவது இலவச மாதிரி கொடுத்தால் அதையும் நினைவில் வையுங்கள். மருத்துவக் காரணத்தால் டப்பா பால் கொடுத்தே ஆக வேண்டிய தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்து மனம் நோக வேண்டாம், உங்கள் பிள்ளையும் வளரும்.

இறால் கம்பெனி வேலைக்குத் திரும்பப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பீய்ச்சி வைத்தாலும், குளிரில் உறையவைத்தாலும் இந்தச் சங்கிலிகள் கெடுவதில்லை. தாய்ப்பால் வங்கிகளில் 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குவார்கள், அதையும் தாங்கும். ஆனால் நம் ஊர் வெக்கையில் பீய்ச்சிய பாலை நாலு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், சித்திரை வைகாசியில் அதற்கும் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

பால் பத்துகிறதா என்று பார்க்கப் பாலின் நிறத்தைப் பார்க்க வேண்டாம். பிள்ளை நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போகிறதா, குடித்து முடித்ததும் கை விரல்கள் தளர்ந்து தூங்குகிறதா, இதைப் பாருங்கள். பிறந்தபோது இருந்த எடையை இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பிடித்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். கிராம சுகாதார செவிலியர் அடுத்த முறை வரும்போது தராசில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எடை ஏறவில்லை என்றால் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.